முதல்வர் நாற்காலியிலிருந்து நேராகப் பிரதமர் நாற்காலிக்கு: தேவ கவுடா போன வழி

கேள்வி இதுதான்: கர்நாடக முதல்வராக இருந்த, எம்.பி.யாகக்கூட இல்லாத தேவ கவுடா 1996இல் எப்படிப் பிரதமர் ஆனார், ஏன் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை? பொதுவாக, மாநிலத் தலைவர் ஒருவர் டெல்லிப் பதவிக்குப் போனால் சட்டப்படியும் நடைமுறையிலும் என்னென்ன நடக்கும்?

சட்டத்தைப் பொறுத்தவரை இதில் பெரிய சிக்கலே இல்லை. எம்.பி.யாக இல்லாதவரும் பிரதமராகலாம். ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஓர் அவைக்குள் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். சிக்கலெல்லாம் எண்ணிக்கையில் இருக்கிறது. கவுடாவின் ஜனதா தளத்துக்கு அப்போது மக்களவையில் 46 பேர். வெளியிலிருந்து ஆதரவு தந்த காங்கிரஸுக்கு 140 பேர். அவரை ஏற்றியதும் அந்த 140தான், இறக்கியதும் அந்த 140தான். இதற்கிடையே ஊரில் அவர் விட்டுப்போன இடம் என்ன ஆனது என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஆள் யார் என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஹாசன் மாவட்டம் ஹொளேநரசீபுரம் தாலுகாவில் ஹரதனஹள்ளி என்ற சிற்றூரில் 1933இல் பிறந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சிவில் இன்ஜினியரிங் டிப்ளமா படித்தவர். 1953இல் காங்கிரஸில் சேர்ந்தார், 1962இல் அங்கிருந்து விலகி ஹொளேநரசீபுரத்தில் சுயேச்சையாக நின்று எம்.எல்.ஏ. ஆனார். அதற்குப் பிறகு அந்தத் தொகுதி பல தேர்தல்களுக்கு அவரை விடவில்லை. நெருக்கடி நிலையின்போது பெங்களூரு சிறையில் இருந்தார். ராமகிருஷ்ண ஹெக்டே அமைச்சரவையில் பொதுப்பணியும் நீர்ப்பாசனமும் அவர் கையில். 1980களின் பிற்பகுதியில், பாசனத்துக்கு ஒதுக்கிய பணம் போதாது என்று சொல்லி அமைச்சர் பதவியை உதறியவர். அணை, மதகு, கால்வாய், டி.எம்.சி. கணக்கெல்லாம் அவருக்கு விரல்நுனி. இதைச் சொல்லக் காரணம் உண்டு: டெல்லியில் அவர் உருப்படியாகச் செய்தவற்றில் முக்கியமானது தண்ணீர் சம்பந்தப்பட்டது.

1989இல் பலத்த தோல்வி. 1991இல் ஹாசனிலிருந்து மக்களவைக்குப் போனார். 1994 டிசம்பர் சட்டமன்றத் தேர்தலில் ராமநகரத்தில் வென்றார். 224 இடங்களில் ஜனதா தளம் 115ஐப் பிடிக்க, டிசம்பர் 11இல் முதல்வரானார். அந்த வெற்றி அவர் ஒருவருடைய வெற்றி அல்ல. கர்நாடகத்தின் இரண்டு பெரிய சமூகங்களில் ஒன்றான ஒக்கலிகர் வாக்கைக் கவுடா திரட்டினார். மற்றொன்றான லிங்காயத்துகள் மத்தியில் எஸ்.ஆர். பொம்மைக்கும் ஜே.எச். பட்டேலுக்கும் செல்வாக்கு, இந்த இரண்டு வட்டத்துக்கும் வெளியே இருந்த ஹெக்டேவுக்கு மாநிலம் முழுக்க நல்ல பெயர். இந்தக் கூட்டு ஒட்டியிருந்தவரைதான் 115 சாத்தியம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 1996 மே. மக்களவைத் தேர்தலில் பா.ஜ.க. 161, காங்கிரஸ் 140. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. தனிப்பெரும் கட்சி என்று வாஜ்பாயை குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மா அழைத்தார். மே 16இல் பதவியேற்ற வாஜ்பாய், எண்ணிக்கை சேராததால் மே 28இல் ராஜினாமாவை அறிவித்தார். மறுபுறம் ஜனதா தளம், இடதுசாரிகள், தெலுங்கு தேசம், சமாஜ்வாதி, அசாம் கண பரிஷத் முதலிய கட்சிகள் ஐக்கிய முன்னணி என்று திரண்டன. தமிழ்நாட்டின் 39 இடங்களும் இந்தப் பக்கம்தான்: த.மா.கா. 20, தி.மு.க. 17, இந்திய கம்யூனிஸ்ட் 2. முன்னணி மொத்தமாகச் சேர்ந்தும் 190ஐ ஒட்டித்தான் வந்தது. ஆட்சிக்கு வேண்டியது 270க்கு மேல். இடைவெளியை அடைக்க காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு தருவதாகச் சொன்னது.

பிரதமர் யார்? வி.பி. சிங்கைக் கேட்டார்கள், மறுத்துவிட்டார். ஜோதி பாசுவைக் கேட்டார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு வேண்டாம் என்றது. அதைப் பின்னாளில் பாசுவே வரலாற்றுத் தவறு என்றார். ஜனதா தளத்துக்குள் பார்த்தால், பீகாரில் 22 இடங்களைக் கொண்டுவந்தவர் லாலு பிரசாத். ஆனால் கால்நடைத் தீவன ஊழல் விசாரணை அப்போதுதான் நீதிமன்ற உத்தரவுப்படி சி.பி.ஐ. கைக்குப் போயிருந்தது. முலாயம் சிங்குக்கும் லாலுவுக்கும் ஒத்துவராது. சந்திரபாபு நாயுடு ஆந்திராவை விட்டு நகர விரும்பவில்லை. கடைசியில் மிஞ்சியவர் கர்நாடகத்தின் 28இல் 16ஐ வென்று கொடுத்த கவுடா. வட இந்தியாவில் அவருக்கு நண்பரும் இல்லை, விரோதியும் இல்லை. கூட்டணிக் கணக்கில் இரண்டாவதற்கு மதிப்பு அதிகம். அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று அன்று பத்திரிகைகள் எழுதின. 16 எம்.பி.க்களும் கையில் ஒரு மாநில ஆட்சியும் இல்லாமல் இந்த அதிர்ஷ்டம் யாருக்கும் அடித்திருக்காது.

இப்போது நடைமுறை. முதல்வர் ராஜினாமாவை ஆளுநரிடம் கொடுக்கிறார். அதோடு அவருடைய அமைச்சரவை முழுவதும் போய்விடும். தனியாக ஒவ்வொருவரும் ராஜினாமா செய்யத் தேவையில்லை. சட்டமன்றக் கட்சி கூடிப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும், ஆளுநர் அவரை அழைப்பார். கர்நாடகத்தில் துணை முதல்வராக இருந்த ஜே.எச். பட்டேல் 1996 மே 31இல் முதல்வரானார். சித்தராமையா துணை முதல்வரானார். மறுநாள், ஜூன் 1இல், டெல்லியில் கவுடா பிரதமராகப் பதவியேற்றார். ஜூன் 12க்குள் பெரும்பான்மையை நிரூபிக்கச் சொல்லியிருந்தார் குடியரசுத் தலைவர். அன்று நம்பிக்கைத் தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.

எந்த அவையிலும் உறுப்பினரல்லாதவர் பிரதமராக வழிசெய்வது அரசியல் சட்டத்தின் 75(5). அமைச்சர் ஒருவர் தொடர்ச்சியாக ஆறு மாதம் எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாவிட்டால் அந்தக் கெடு முடிந்ததும் பதவி போய்விடும் என்கிறது அது. பிரதமரும் ஓர் அமைச்சர்தானே, ஆகவே அவருக்கும் பொருந்தும். கவுடாவின் நியமனத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1996லேயே நீதிமன்றம் இதே காரணத்தைச் சொல்லி நியமனம் செல்லும் என்றது. அவருக்கு முன்னால் 1991இல் நரசிம்ம ராவும் எம்.பி.யாக இல்லாமல்தான் பதவியேற்றார். சிலர் இந்தச் சலுகையை நீட்டிக்கொண்டே போகலாம் என்று நினைக்கிறார்கள்: ஆறு மாதம் முடியும் முன் ராஜினாமா, மறுபடி பதவியேற்பு, மறுபடி ஆறு மாதம். பஞ்சாபில் ஓர் அமைச்சர் விஷயத்தில் இது நடந்து, 2001இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அடித்துவிட்டது. ஒரே சட்டமன்றக் காலத்தில் தேர்ந்தெடுக்கப்படாமல் இரண்டாவது தடவை கிடையாது.

அந்த ஆறு மாதத்தில் அவர் அவையில் பேசலாமா? தாராளமாக. பிரிவு 88 எந்த அமைச்சருக்கும் இரண்டு அவைகளிலும் பேசும் உரிமையைத் தருகிறது. ஓட்டு மட்டும் கிடையாது. ஆக ஜூன் 12இல் தன் அரசுக்கு நம்பிக்கை கோரிய பிரதமருக்கு அந்தத் தீர்மானத்தில் ஓட்டு இல்லை.

எந்த அவை வழியாக உள்ளே வருவது என்பதுதான் அடுத்த முடிவு. நரசிம்ம ராவ் ஆந்திராவின் நந்தியாலில் மக்களவை இடைத்தேர்தலில் நின்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். கவுடா மாநிலங்களவையைத் தேர்ந்தெடுத்தார். கணக்கு எளிது. மாநிலங்களவை இடைத்தேர்தலில் ஓட்டுப் போடுவோர் எம்.எல்.ஏ.க்கள் மட்டுமே. ஒரே ஓர் இடம் என்றால், பதிவாகும் ஓட்டை இரண்டால் வகுத்து ஒன்று கூட்டினால் வெற்றிக்கான எண். 224 பேரும் ஓட்டுப் போட்டால் 113. ஜனதா தளம் 1994இல் வென்றதே 115. மைக் கட்டி ஊர் ஊராகப் போகத் தேவையே இல்லை. செப்டம்பரில் மாநிலங்களவை உறுப்பினரானார். நவம்பர் முடிவில் வரவிருந்த கெடுவுக்கு இரண்டு மாதம் மிச்சம்.

இந்தச் சௌகரியத்துக்கு ஒரு விலை உண்டு. மாநிலங்களவை உறுப்பினரான பிரதமர் மக்களவையில் ஓட்டளிக்க முடியாது. மக்களவையில் அரசின் அலுவல்களை முன்னின்று நடத்தும் அவை முன்னவராகவும் இருக்க முடியாது. அந்தப் பொறுப்பு ராம்விலாஸ் பாஸ்வானிடம் இருந்தது. 1997 ஏப்ரலில் கவுடாவின் அரசு மக்களவையில் விழுந்தபோதும் அவருக்கு அங்கே ஓட்டு இல்லை. பதவிக்காலத்தில் நடந்த இரண்டு நம்பிக்கை வாக்கெடுப்பிலும் ஓட்டே போடாத பிரதமர்!

பழைய எம்.எல்.ஏ. இடம் பற்றி ஒரு வார்த்தை. பிரதமரானதாலேயே எம்.எல்.ஏ. பதவி போய்விடாது. நாடாளுமன்றத்துக்குத் தேர்வான பிறகுதான் இரட்டை உறுப்பினர் விதி வருகிறது: தேர்வான செய்தி அரசிதழில் வெளியானதிலிருந்து 14 நாளுக்குள் சட்டமன்ற இடத்தை விட வேண்டும். விடாவிட்டால் பறிபோவது சட்டமன்ற இடமல்ல, நாடாளுமன்ற இடம். பலர் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். எதிர்த்திசையில், எம்.பி. ஒருவர் முதல்வராகிப் போனால் சட்டம் இவ்வளவு இறுக்கமில்லை. ஆறு மாதத்துக்குள் எம்.எல்.ஏ. ஆனால் போதும், அதுவரை எம்.பி. இடத்தை விட வேண்டியதில்லை. 1999 பிப்ரவரியில் ஒடிசா முதல்வரான கிரிதர் கமாங் இப்படித்தான் எம்.பி.யாகவும் நீடித்தார். ஏப்ரல் 17இல் டெல்லி வந்து நம்பிக்கை வாக்கெடுப்பில் வாஜ்பாய் அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டார். அந்த அரசு 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது.

சட்டம் போதும், ஆட்சிக்கு வருவோம். முதல்வருக்கும் பிரதமருக்கும் உள்ள நடைமுறை வித்தியாசத்தை மாநிலத்திலிருந்து போகிறவர்கள் முதல் மாதத்திலேயே உணர்வார்கள். முதல்வர் சொன்னால் மாலைக்குள் ஒரு கலெக்டர் மாறுவார், ஒரு எஸ்.பி. மாறுவார், ஒரு கால்வாயில் மதகு திறக்கும். பிரதமருக்குக் கீழே கலெக்டரும் இல்லை, தாசில்தாரும் இல்லை. அவரிடம் இருப்பது நிதி ஒதுக்கீடு, நியமனம், கூட்டணித் தலைவர்களோடு பேச்சு. இதில் மூன்றாவதற்குத்தான் நாளின் பெரும்பகுதி போகும். கவுடாவின் அமைச்சரவையில் ஒவ்வொரு துறையும் ஒரு கட்சியின் கோட்டை. நிதி த.மா.கா.வின் ப. சிதம்பரத்திடம், தொழில் தி.மு.க.வின் முரசொலி மாறனிடம், பாதுகாப்பு முலாயமிடம், உள்துறை கம்யூனிஸ்டான இந்திரஜித் குப்தாவிடம். மார்க்சிஸ்ட் கட்சி அமைச்சரவைக்குள் வராமல் வெளியே நின்றது. ஆட்சிக்கு வந்த அடுத்த மாதமே டீசல் விலையை ஏற்றிய அரசு, கூட்டணிக்குள் எழுந்த எதிர்ப்பில் உயர்வின் ஒரு பகுதியை உடனே குறைக்க வேண்டியதாயிற்று.

தெரிந்த ஆட்களைக் கூட்டிப் போவது இன்னொரு வழக்கம். கர்நாடகத்தின் மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி சதீஷ் சந்திரன் பிரதமரின் முதன்மைச் செயலரானார். கர்நாடகப் பிரிவின் ஐ.பி.எஸ். அதிகாரி ஜோகிந்தர் சிங் சி.பி.ஐ. இயக்குநரானார். அமைச்சரவைச் செயலர் பதவிக்கு மட்டும் உத்தரப் பிரதேசப் பிரிவைச் சேர்ந்த தமிழரான டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வந்தார். பழகிய அதிகாரி பக்கத்தில் இருப்பது முதல் வாரத்துக்கு நல்லது. ஆனால் டெல்லி உடனே ‘கர்நாடகக் கூட்டம்’ என்று முத்திரை குத்தும். சி.பி.ஐ. நியமனம் பின்னால் தனிப் பிரச்சினையாகவே முளைத்தது.

மொழியையும் சொல்லியாக வேண்டும். கவுடாவுக்கு இந்தி வராது. 1996 ஆகஸ்ட் 15 செங்கோட்டை உரையை இந்தியிலேயே ஆற்றினார். தாளில் இருந்ததோ கன்னட எழுத்து. தென்னாட்டிலிருந்து போகிறவர் இதற்கு ஏதாவது ஒரு வழி கண்டுபிடித்தே ஆகவேண்டும். அவர் கண்டது அது.

உருப்படியாக நடந்ததில் முதலிடம் கங்கை ஒப்பந்தத்துக்கு. ஃபராக்கா தடுப்பணையில் தண்ணீரைப் பங்கிடுவது பற்றி வங்கதேசத்தோடு நெடுநாள் தகராறு. 1996 டிசம்பர் 12இல் கவுடாவும் ஷேக் ஹசீனாவும் 30 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஜனவரி 1 முதல் மே 31 வரை, பத்துப் பத்து நாளாகப் பிரித்துக் கணக்கு. ஃபராக்காவில் வரத்து வினாடிக்கு 70,000 கன அடி வரை இருந்தால் ஆளுக்குப் பாதி. அதாவது 60,000 வந்தால் இருவருக்கும் தலா 30,000. 70,000க்கும் 75,000க்கும் இடையே வந்தால் வங்கதேசத்துக்கு 35,000, மிச்சம் இந்தியாவுக்கு. 75,000ஐத் தாண்டினால் இந்தியாவுக்கு 40,000, மிச்சம் வங்கதேசத்துக்கு. வரத்து மிகக் குறையும் மார்ச் 11 முதல் மே 10 வரை, மாறி மாறி வரும் பத்து நாள்களில் ஒவ்வொரு நாட்டுக்கும் 35,000 உறுதி. வறட்சி ஆண்டில் யார் எவ்வளவு இழப்பது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்ததுதான் இதன் பலம். மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசுவைப் பேச்சுவார்த்தையில் சேர்த்துக்கொண்டது இன்னொரு பலம். ஆற்றின் கரையில் இருக்கும் மாநிலத்தை வெளியே நிறுத்தி டெல்லி போடும் நீர் ஒப்பந்தம் நிற்காது என்பது, மாநிலத்தில் பாசன அமைச்சராக இருந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வடகிழக்குக்கு 1996 அக்டோபரில் 6,100 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார். பிரம்மபுத்திராவின் மேல் போகிபீல் பாலத்துக்கு 1997 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார். ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அந்தப் பாலம் திறக்கப்பட்டது 2018 டிசம்பரில். காஷ்மீரில் பல ஆண்டு குடியரசுத் தலைவர் ஆட்சிக்குப் பின் சட்டமன்றத் தேர்தல் நடந்து, ஃபரூக் அப்துல்லா முதல்வரானார். மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா முதன்முதலாக மக்களவைக்கு வந்ததும் அந்த செப்டம்பரில்தான். சிதம்பரத்தின் 1997 பிப்ரவரி பட்ஜெட் தனிநபர் வருமான வரி விகிதங்களை 15, 30, 40இலிருந்து 10, 20, 30 ஆகக் குறைத்தது. பத்து மாதத்துக்கு இது குறைவான பட்டியல் அல்ல. ஊடகங்களில் அதிகம் வந்ததோ கூட்டங்களில் அவர் கண்ணயர்ந்த படங்கள்.

சொந்த மாநிலத்தின் தகராறுகள் மேசைக்கு வந்தபோது நிலைமை வேறு. 1995-96 பருவத்தில் காவிரிக்காகத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. நீதிமன்றம் பிரதமரைத் தலையிடச் சொல்ல, நரசிம்ம ராவ் கர்நாடகத்தை 6 டி.எம்.சி. விடச் சொன்னார். அப்போது எதிர்ப்பக்கம் நின்ற முதல்வர் கவுடா. ஐந்தே மாதத்தில் ராவின் நாற்காலியில் அவரே. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. என்ற காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை நிறைவேற்ற ஓர் அமைப்பு அமைக்க அவரால் கர்நாடகத்தைத் தாண்டி யோசிக்க முடியுமா, முடிந்தாலும் ஊர் விடுமா? கருணாநிதியும் பட்டேலும் பல சுற்றுப் பேசினார்கள், ஒன்றும் நகரவில்லை. காவிரி ஆணையம் வந்தது 1998இல், வாஜ்பாய் காலத்தில். கிருஷ்ணா ஆற்றில் கர்நாடகத்தின் அலமட்டி அணையின் உயரம் பற்றி ஆந்திரா கிளப்பிய சண்டை இதைவிடச் சங்கடம். எதிர்ப்பக்கம் நின்ற சந்திரபாபு நாயுடுதான் ஐக்கிய முன்னணியின் ஒருங்கிணைப்பாளர். பிரதமர் பெங்களூருக்குச் சாதகம் என்று ஹைதராபாதும், ஊரை மறந்துவிட்டார் என்று பெங்களூரும் ஒரே வாரத்தில் சொல்லக்கூடிய விவகாரம் அது.

மாநில உரிமை பேசிப் போனவர்கள் டெல்லியில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு ஓர் அளவுகோல், மாநில அரசை நீக்கிக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவர வழிசெய்யும் பிரிவு 356. 1996 செப்டம்பரில் குஜராத்தில் சுரேஷ் மேத்தாவின் பா.ஜ.க. அரசு நீக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 356க்குக் கடிவாளம் போட்ட 1994 தீர்ப்பு எவர் பெயரில் இருக்கிறதோ, அந்த எஸ்.ஆர். பொம்மை அப்போது அதே மத்திய அமைச்சரவையில் மனிதவளத் துறை அமைச்சர். எந்தச் சமாதானமும் இதற்கு எடுபடாது.

கவிழ்ந்த கதை. வெளியிலிருந்து ஆதரவு என்றால் ஆதரவு தருகிறவருக்கு அமைச்சர் பதவி கிடையாது, பொறுப்பும் கிடையாது; ஆனால் கடிதம் எழுதும் பேனா அவர் கையில். அதிலும் காங்கிரஸ் யார்? கர்நாடகம், ஆந்திரா, கேரளம், மேற்கு வங்கம், அசாம் என்று முன்னணிக் கட்சிகள் ஊரில் தினமும் மோதுகிற எதிரி. ஆரம்பத்தில் நரசிம்ம ராவோடு கவுடாவுக்கு ஒரு புரிதல் இருந்தது. வழக்குகளில் சிக்கிய ராவ் 1996 செப்டம்பரில் கட்சித் தலைமையை விட்டார், சீதாராம் கேசரி வந்தார். ஆதரவு ஒப்பந்தம் ஒரு மனிதரோடு இருந்தால், மனிதர் மாறும்போது அதுவும் மாறும். காங்கிரஸ் தலைவர்கள் மேல் சி.பி.ஐ. வழக்குகள் நகர்ந்துகொண்டிருந்ததையும், இயக்குநர் பிரதமரின் மாநிலத்து ஆள் என்பதையும் கேசரி தரப்பு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. போதாததற்கு, எங்களை மதிப்பதில்லை, கலந்துபேசுவதில்லை என்ற புகார். நான்கு ஓட்டில் அரசு நடத்துகிறவர்கூட அந்த நால்வருக்கு வாரம் ஒரு போன் போடுவார். 140ஐ நம்பியிருந்தவர் கேசரிக்கு அதைச் செய்தாரா என்பது பற்றி இன்றும் இரண்டு கருத்து.

1997 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. பட்ஜெட் இன்னும் நிறைவேறவில்லை. ஆதரவை வாபஸ் வாங்கும் கடிதம் குடியரசுத் தலைவரிடம் போனது. ஏப்ரல் 11இல் மக்களவை வாக்கெடுப்பு: ஆதரவு 158, எதிர்ப்பு 292. காங்கிரஸ் கேட்டது ஆட்சியை அல்ல, ஆள் மாற்றத்தைத்தான் என்பது அடுத்த பத்து நாளில் தெரிந்தது. த.மா.கா. தலைவர் மூப்பனாரின் பெயர் பலமாக அடிபட்டது. கடைசியில் ஏப்ரல் 21இல் ஐ.கே. குஜ்ரால் பதவியேற்றார். வருத்தத்தில் த.மா.கா. சில நாள் அமைச்சரவைக்கு வெளியே நின்று, பிறகு திரும்பியது. அதே முன்னணி, அதே 140, வேறு பிரதமர். குஜ்ராலும் அந்த ஆண்டு நவம்பரில் அதே 140இடம்தான் பதவியை இழந்தார், இந்தமுறை தி.மு.க.வை வெளியேற்றச் சொல்லி. கவுடா பதவியில் இருந்தது 324 நாள்.

இப்போது ஊருக்கு வருவோம். கவுடா பிரதமரான 1996லேயே ஹெக்டே ஜனதா தளத்திலிருந்து நீக்கப்பட்டார். டெல்லியில் பலம் இருந்த நேரத்தில் பழைய போட்டியாளரைத் தீர்த்தது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்திருக்கலாம். ஹெக்டே லோக் சக்தி தொடங்கி, 1998இல் பா.ஜ.க.வோடு சேர்ந்தார். பெங்களூரில் பட்டேலின் ஆட்சிக்குள் கவுடா கோஷ்டி, பட்டேல் கோஷ்டி என்று இழுபறி. 1994இன் அந்த மூன்று கால் முக்காலியில் ஒரு கால் போய், இன்னொன்று ஆடத் தொடங்கியது. கவுடா காலி செய்த ராமநகரம் சட்டமன்றத் தொகுதியையே இடைத்தேர்தலில் காங்கிரஸ் பிடித்தது. மக்களவைக் கணக்கு இன்னும் கொடுமை: கர்நாடகத்தில் ஜனதா தளம் 1996இல் 16, 1998இல் 3, 1999இல் கட்சி உடைந்து, கவுடாவின் மதச்சார்பற்ற ஜனதா தளத்துக்குப் பூஜ்யம். சொந்த ஹாசனில் அவரே தோற்றார். அதே ஆண்டு சட்டமன்றத்தில் 224க்கு 10.

முதல்வராக இருந்தபடியே பிரதமரான இன்னொருவர் நரேந்திர மோடி மட்டுமே. மொரார்ஜி, சரண் சிங், வி.பி. சிங், நரசிம்ம ராவ் எல்லோரும் ஒரு காலத்தில் முதல்வர்களாக இருந்தவர்கள்தான். ஆனால் இடையில் டெல்லியில் அமைச்சராகப் பழகியபின் அந்த நாற்காலிக்கு வந்தார்கள். மோடி 2014இல் வடோதராவிலும் வாரணாசியிலும் மக்களவைக்கு வென்று, வடோதராவை விட்டு, கட்சிக்குத் தனிப் பெரும்பான்மையோடு போனார். கவுடாவுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாட்டை ஆளுமையில் தேடுவார்கள் சிலர்; 46க்கும் 282க்கும் உள்ள வேறுபாட்டில் தேடினால் போதும்.

கவுடா முடிந்துபோய்விட்டார் என்றுதான் 1999இல் எல்லோரும் எழுதினார்கள். 2002இல் கனகபுரா இடைத்தேர்தலில் டி.கே. சிவகுமாரைத் தோற்கடித்து மக்களவைக்குத் திரும்பினார். 2004 சட்டமன்றத்தில் கட்சி 58 இடம் பிடித்தது. மகன் குமாரசாமி இரண்டு முறை முதல்வரானார், இரண்டு முறையும் கூட்டணி தயவில். 2019இல் ஹாசனைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டுத் தும்கூருக்குப் போன கவுடா தோற்றார். 2020இல் மறுபடி மாநிலங்களவை. 2024இல் பா.ஜ.க. கூட்டணியில் மண்டியாவில் வென்ற குமாரசாமி, விதிப்படி சென்னபட்டணா எம்.எல்.ஏ. இடத்தை விட்டு மத்தியக் கனரகத் தொழில், எஃகுத் துறை அமைச்சரானார். சென்னபட்டணா, ராமநகரத்துக்கு அடுத்த ஊர். நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் குமாரசாமியின் மகன் நிகில் நின்றார். அந்த இடத்தையும் காங்கிரஸ்தான் எடுத்துக்கொண்டது.